பிடித்த புத்தகத்தைச் சொன்னால் குணம் தெரியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை மாலைகளில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் என் நண்பர் ஒருவர் பழைய புத்தக மேசை போடுவார். அவர் தேநீர் குடிக்கப் போனால் திரும்பி வர ஒரு மணி நேரமாகும், அதுவரை மேசை என் பொறுப்பு. மாதம் ஒருமுறை பத்துப் பதினைந்து பேர் கூடும் வாசகர் சந்திப்பையும் நான்தான் ஒழுங்கு செய்கிறேன். "உங்களுக்குப் பிடிச்ச புத்தகம் எது?" என்று கேட்டால் இரண்டு இடத்திலும் பதிலுக்கு முன்னால் ஒரு சந்தேகப் பார்வை வரும். "இதை வச்சு என்னை எடை போடப் போறீங்களா?"

அதைத் தொடர்ந்து வரும் கேள்விகளும் பெரும்பாலும் ஒன்றேதான். சொன்னதையே சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

பிடிச்ச புத்தகத்தைச் சொன்னா ஒருத்தரோட குணம் தெரிஞ்சிடுமா?

கொஞ்சம் தெரியும். நினைக்கிற அளவுக்குத் தெரியாது. புத்தகத்தின் பெயரை மட்டும் சொன்னால், அவர் எந்த மொழிப் பள்ளிக்குப் போனார், எந்தக் காலத்தில் வளர்ந்தார், வீட்டில் யார் வாசித்தார்கள் என்பதெல்லாம் ஓரளவு பிடிபடும். குணம் எட்டிப் பார்ப்பது அடுத்த கேள்வியில்தான்: "அதில் எந்த இடம் பிடிக்கும்?"

பெயர் என்பது வெளியே போகும்போது உடுத்தும் சட்டை மாதிரி. பிடித்த இடத்தைச் சொல்லும்போதுதான் ஆள் வீட்டு உடையில் வருவார். இந்த இரண்டாவது கேள்வியை நினைவில் வையுங்கள், கீழே அடிக்கடி வரும்.

இதுக்கெல்லாம் ஆராய்ச்சி இருக்கா, இல்ல வாட்ஸ்அப்ல வர்ற கதையா?

இருக்கிறது. உளவியலில் ஒருவரின் ஆளுமையை ஐந்து அளவுகளில் பார்ப்பார்கள்: புதியதை வரவேற்கும் மனம், ஒழுங்கு, கலகலப்பு, இணக்கம், மனப்பதற்றம். 2011-இல் பீட்டர் ரென்ட்ஃப்ரோவும் அவருடைய கூட்டாளிகளும் 3,000-க்கும் மேற்பட்டவர்களிடம் எந்த வகைப் புத்தகம், படம், இசை, தொலைக்காட்சி பிடிக்கும் என்று கேட்டு, அதை இந்த ஐந்தோடு ஒப்பிட்டார்கள். ரசனைகள் ஐந்து கொத்துகளாகப் பிரிந்தன: உறவும் குடும்பமும், கலையும் கவிதையும், இருண்டவை, விறுவிறுப்பு, தகவலும் அறிவும். கவிதைப் பக்கம் சாய்ந்தவர்களிடம் புதியதை வரவேற்கும் மனம் கூடுதலாக இருந்தது. உறவுக் கதைகள் பக்கம் சாய்ந்தவர்களிடம் இணக்கம் கூடுதலாக இருந்தது.

இங்கே இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். அது அமெரிக்கர்களிடம் நடந்த ஆய்வு, பந்திங்கிலோ பட்டர்வொர்த்திலோ எடுத்ததில்லை. அப்புறம், அது சொல்வது ஆயிரக்கணக்கானவர்களின் சராசரிப் போக்கை. அதை வைத்து எதிரில் நிற்கும் ஒரே ஒரு ஆளைக் கணித்தால் பல தடவை சறுக்கும். தஞ்சோங் பூங்காவில் சராசரியாக எவ்வளவு மழை பெய்யும் என்று தெரிந்தாலும், இன்றைக்குக் குடை எடுக்கலாமா என்பதற்கு வானத்தைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

"உங்க பிடிச்ச புத்தகம், உங்க குணம்"னு ஒரு க்விஸ் போட்டேன். அப்படியே என்னைச் சொல்லுதே, எப்படி?

உங்களை மட்டும் சொல்லியிருக்காது, பக்கத்து வீட்டுக்காரரையும் அதேபோலச் சொல்லியிருக்கும். 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்களுக்கு ஒரு ஆளுமைத் தேர்வு வைத்தார். பிறகு ஒவ்வொருவருக்கும் "இது உன்னுடைய முடிவு" என்று ஒரு தாளைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லாருக்கும் கொடுத்தது ஒரே தாள்தான். அதிலிருந்த வாக்கியங்களைக் கடையில் விற்கும் சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார்.

"வெளியே உறுதியாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் சில நேரம் கலங்குவீர்கள்" என்றால் யார் இல்லை என்பார்கள்? லிட்டில் இந்தியாவில் கிளி எடுத்துக் கொடுக்கும் சீட்டும் இதே வித்தைதான். என்னைக் கேட்டால் கிளி மேல். அதற்கு ஒரு நெல்லாவது கிடைக்கிறது.

பத்துப் பேரைக் கேட்டா எட்டுப் பேர் பொன்னியின் செல்வன்னு சொல்றாங்க. அப்போ எட்டுப் பேருக்கும் ஒரே குணமா?

இதைக் கேட்காத சந்திப்பே இல்லை. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்து, ஐந்து பாகமாகி, தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கும் அப்பாவிடமிருந்து பேரனுக்கும் கை மாறிய கதை அது. 2022-இலும் 2023-இலும் படமாக வந்த பிறகு, படிக்காதவர்களும் தைரியமாகச் சொல்கிறார்கள். அதனால் பெயரை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. முதல் பதிலில் சொன்ன சட்டைதான், தீபாவளிக்கு ஊரே எடுத்த சட்டை.

ஆனால் யாரைப் பிடிக்கும் என்று கேட்டுப் பாருங்கள், கூட்டம் கலைந்துவிடும். வந்தியத்தேவன் என்பவர்கள் அநேகம். குந்தவை என்று சொன்ன ஒரு பெண், மூன்று தம்பிகளையும் படிக்க வைத்து, குடும்பக் கணக்கு வழக்கைத் தன் கையில் வைத்திருக்கும் மூத்தவர். நந்தினி என்று சொன்ன ஒரு நிறுவனக் கணக்காளர் குரலைத் தாழ்த்தி, "எல்லாரும் அவளைப் பாம்புங்கிறாங்க, அவளுக்கு என்ன நடந்துச்சுன்னு யாரும் கேக்கலையே" என்றார். சேந்தன் அமுதன் பெயரைச் சொன்னவர் இதுவரை ஒரே ஒருவர்தான். பூக்கடைக்காரர். அவர் அதைச் சொன்னபோது கை தன்பாட்டுக்கு நார் கிழித்துக்கொண்டிருந்தது.

இன்னொரு வேடிக்கை. "நம்ம சோழன் கடாரத்தை வென்ற இடம் இருக்கே, அதுதான் எனக்கு உயிர்" என்று சொல்பவர்கள் இங்கே உண்டு. பினாங்கிலிருந்து பாலம் கடந்தால் கடாரம் எனப்படும் கெடா கிட்டத்தில்தான், பெருமை இருக்கத்தான் செய்யும். ஆனால் கடாரப் படையெடுப்பு 1025 வாக்கில் இராஜேந்திரன் நடத்தியது. கல்கியின் கதையோ அவன் தகப்பன் இளைஞனாக இருந்த காலத்திலேயே முடிந்துவிடுகிறது. இதிலிருந்தும் குணம் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் யாரையும் திருத்துவதில்லை, இரண்டாம் பாகத்தை எடுத்து நீட்டுவேன்.

திருக்குறள்தான் பிடிச்ச நூல்னு சொல்றவங்க சும்மா பெருமைக்குச் சொல்றாங்கதானே?

சிலர் அப்படித்தான். மேடை, நேர்காணல், பெண் வீட்டார் முன்னிலை, இங்கெல்லாம் குறளைவிடப் பாதுகாப்பான பதில் கிடையாது. யாரும் எதிர்க்கேள்வி கேட்க மாட்டார்கள். நீங்கள் கேளுங்கள்: "1,330-இல் எது?" பெருமைக்குச் சொன்னவர் தமிழ்ப்பள்ளியில் மனப்பாடம் செய்த முதல் குறளோடு நின்றுவிடுவார்.

உண்மையாகப் படித்தவர் வேறு மாதிரி. மேசைக்கு வரும் ஓய்வுபெற்ற அஞ்சல்காரர் ஒருவரின் கையடக்கக் குறள் நடுவில் ஓரிடத்தில் தானாகத் திறக்கும். நட்பு முதல் கூடா நட்பு வரை வரும் ஐந்து அதிகாரங்கள், 79-இலிருந்து 83 வரை. ஓரங்கள் பழுப்பேறி, ஒரு பக்கத்தில் பென்சிலால் "8,000 வெள்ளி" என்று எழுதியிருந்தது. யாருக்குக் கொடுத்தார், திரும்பி வந்ததா என்று நான் கேட்கவில்லை. அவருடைய மனைவிக்குப் பிடித்தது காதலர் ஊடலைப் பேசும் புலவி நுணுக்கமாம். சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

என் மகனுக்குப் பதினஞ்சு வயசு. கொலை, துப்பறியும் கதையா படிக்கிறான். மனசு கெட்டுடுமா?

கெடாது. துப்பறியும் கதையின் அமைப்பைப் பாருங்கள்: முதல் அத்தியாயத்தில் உலகம் கலைகிறது, கடைசி அத்தியாயத்தில் குற்றவாளி பிடிபட்டு எல்லாம் இடத்துக்கு வருகிறது. நியாயம் நிச்சயம் கிடைக்கும் என்று உறுதி கொடுக்கும் கதை வகை இதைப்போல வேறில்லை. அதை விரும்பும் பையன் பெரும்பாலும் புதிர் விடுபடுவதை விரும்புகிறவன், ரத்தத்தை விரும்புகிறவன் என்று நினைக்கத் தேவையில்லை.

ரென்ட்ஃப்ரோ ஆய்வில் "இருண்டவை" பிடித்தவர்களிடம் இணக்கம் சற்றுக் குறைவாக இருந்தது உண்மைதான். ஆனால் "பிடிவாதக்காரன்" என்பதற்கும் "கெட்டுப்போனவன்" என்பதற்கும் நடுவே நிறைய தூரம் இருக்கிறது, பதினைந்து வயதில் எல்லாருமே பிடிவாதம்தான். அவன் படிக்கிறானே என்று சந்தோஷப்படுங்கள் அக்கா.

எங்க அம்மா எந்நேரமும் குடும்ப நாவல்தான். யாராவது வந்தா பத்திரிகையை மேல போட்டு மறைக்கிறாங்க. அவ்வளவு கேவலமான ரசனையா அது?

மறைக்க வைத்த நம்மைத்தான் சொல்ல வேண்டும். மாத நாவலை இளக்காரமாகப் பேசியே ஒரு தலைமுறைப் பெண்களைக் கூச வைத்துவிட்டோம். வீட்டு வேலை முடித்து, இரண்டரை மணி வெயிலில் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் கையில் கொள்ளும் புத்தகம் அது. விலையும் கட்டுப்படியாகும், ஒரே மூச்சில் முடிந்தும்விடும். பல தோட்டத் தொழிலாளர் வீடுகளில் அச்சில் தமிழ் நுழைந்த ஒரே வழி அதுதான்.

குணத்தைப் பற்றிக் கேட்டால், உறவுகளின் சின்னச் சின்ன நெளிவுகளைக் கவனிக்கும் ஆள் என்று சொல்லலாம். மருமகள் முகம் சற்று வாடினாலும் அம்மாதானே முதலில் கண்டுபிடிக்கிறார்?

கதை படிக்கிறவங்களுக்கு இளகின மனசுன்னு சொல்றாங்களே, நிஜமா?

ஓரளவு. 2006-இல் கனடாவில் ரேமண்ட் மாரும் கீத் ஓட்லியும் மற்றவர்களும் ஒரு சாமர்த்தியமான சோதனை செய்தார்கள். "நீங்கள் நிறையப் படிப்பீர்களா?" என்று கேட்டால் எல்லாரும் ஆம் என்பார்கள் இல்லையா? அதனால் ஒரு பெயர்ப் பட்டியலைக் கொடுத்து, இதில் எழுத்தாளர்கள் யார் என்று குறிக்கச் சொன்னார்கள். நடுநடுவே எழுத்தாளரே இல்லாத பெயர்களைக் கலந்திருந்தார்கள், கண்டபடி குறித்தால் மாட்டிக்கொள்வார்கள். புனைகதை எழுத்தாளர்களை அதிகம் அறிந்தவர்கள், கண்களை மட்டும் காட்டும் படத்தைப் பார்த்து அந்த ஆளின் மனநிலையைச் சொல்வதில் கொஞ்சம் மேலாக இருந்தார்கள்.

பிறகு 2013-இல், இலக்கியக் கதையைக் கொஞ்ச நேரம் படித்தாலே பிறர் மனம் புரியும் திறன் கூடுகிறது என்று ஓர் ஆய்வு வந்து உலகெங்கும் செய்தியானது. 2016-இல் வேறு குழுக்கள் அதையே திரும்பச் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. 2018-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், பலன் இருக்கிறது, ஆனால் சிறியது என்று வந்தது. நாவல் நாவலாகப் படித்துவிட்டு, மாமாக் சாப்பாட்டுக் கடையில் தண்ணீர் கொண்டுவரும் பையனிடம் எரிந்து விழும் ஆட்களை எனக்கே தெரியும்.

பிள்ளைங்க இங்கிலீஷ் புத்தகத்தையே பிடிச்சதுன்னு சொல்றாங்க. தமிழ்ப் பற்று இல்லைன்னு அர்த்தமா?

இதைக் குணத்தில் சேர்க்காதீர்கள், இது பள்ளி அமைப்பின் கணக்கு. நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன, ஆனால் அவை ஆறாம் ஆண்டோடு முடிகின்றன. அப்புறம் மலாய் வழி இடைநிலைப்பள்ளி. பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளையின் தமிழ் வாசிப்பு சிறுவர் கதையில் நிற்கும்போது, ஆங்கில வாசிப்பு தொடர்ந்து வளர்ந்துகொண்டே போகிறது. மனசு விரும்புகிற கனமான கதை எந்த மொழியில் கைக்கு எட்டுகிறதோ அதுதான் பிடித்த புத்தகமாகும்.

பலருக்கு இடைநிலைப்பள்ளி முடிவில் வரும் எஸ்பிஎம் தேர்வுக்குத் தமிழ் இலக்கியப் பாடம் எடுத்தபோது படித்த நாவலே இன்றுவரை "பிடித்த தமிழ்ப் புத்தகம்". ஏனென்றால் அது ஒன்றுதான் அவர்கள் முழுதாகப் படித்தது. 1966-இல் முதல் உலகத் தமிழ் மாநாடு நடந்த ஊர் இது, 2020-க்கு யுனெஸ்கோ உலகப் புத்தகத் தலைநகர் என்று பட்டம் கொடுத்த ஊரும் இதுவே. ஆனாலும் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு ஏற்ற தமிழ் நாவல் ஒன்று கேட்டு யாராவது வந்தால் நான் மேசையில் தடவிக்கொண்டுதான் நிற்கிறேன்.

இருபது வயசுல உயிரா இருந்த புத்தகத்தை இப்ப எடுத்தா பத்துப் பக்கம் தாண்டல. நான் மாறிட்டேனா?

மாறியிருப்பீர்கள், அது நல்லதுதான். பிடித்த புத்தகம், படம், பாட்டு எது என்று கேட்டால், பதின்பருவத்திலும் அதை ஒட்டிய வயதிலும் சந்தித்தவையே அதிகமாக நினைவுக்கு வருவதாக நினைவாற்றல் ஆய்வுகள் சொல்கின்றன. ஆகவே ஐம்பது வயதுக்காரர் சொல்லும் புத்தகம் பெரும்பாலும் இருபது வயதுக்காரரின் புத்தகம். அவரிடம் கேட்க வேண்டியது, "கடைசியா எதை ராத்திரி கண் முழிச்சுப் படிச்சீங்க?" என்பது.

நான் பள்ளி நாளில் பினாங்கு சௌரஸ்தா சந்தையின் மாடியில் வாங்கிய ஒரு நாவலை இன்னும் வைத்திருக்கிறேன். கீழே ஜாதிக்காய் ஊறலும் மாங்காய் ஊறலும் விற்பார்கள், மேலே தரையிலிருந்து கூரை வரை பழைய புத்தகம், இரண்டு வாசனையும் படியில் கலந்து நிற்கும். இப்போது அதைப் பிரித்தால் கதை சகிக்கவில்லை. ஆனால் 47-ஆம் பக்கத்தில் பிசுபிசுப்பாக ஒரு விரல் ரேகை இருக்கிறது, ஜாதிக்காய் தின்றுகொண்டே படித்திருக்கிறேன். எனக்குப் பிடித்தது அந்தக் கதையா அந்த மாடியா என்று இன்றைக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

பொண்ணு பார்க்கப் போறோம். பிடிச்ச புத்தகம் எதுன்னு கேக்கலாமா?

கேளுங்கள், ஆனால் சித்தப்பா, அத்தை எல்லாரும் கேசரித் தட்டோடு உட்கார்ந்திருக்கும்போது வேண்டாம். அப்போது வரும் பதில் குறள்தான், ஏன் என்று மேலே சொல்லிவிட்டேன். தனியாகப் பேசும்போது, "பாதியில தூக்கிப் போட்ட புத்தகம் எது?" என்று கேளுங்கள். பிடித்ததைச் சொல்லும்போது நடிக்கிறவர்கள்கூட பிடிக்காததைச் சொல்லும்போது நடிக்க மறந்துவிடுகிறார்கள். நீங்களும் பதில் சொல்லத் தயாராகப் போங்கள் தம்பி.

வேலை நேர்காணல்ல கேட்டா?

உண்மையில் படித்ததைச் சொல்லுங்கள். கேட்பவர் அதைப் படித்திருந்தால் அடுத்த கேள்வி நிச்சயம்.

அலமாரி நிறைய வாங்கி வச்சிருக்கேன். பாதிக்கு மேல தொடவே இல்ல. இதுக்கு என்ன அர்த்தம்?

பணம் செலவழித்த அர்த்தம் தவிரவும் ஒன்று உண்டு. 2002-இல் சாம் காஸ்லிங்கும் குழுவினரும் 83 பேரின் படுக்கையறைகளுக்கு முன்பின் தெரியாதவர்களை அனுப்பி, அறையை மட்டும் பார்த்து ஆளைக் கணிக்கச் சொன்னார்கள். மிகச் சரியாகக் கணித்தது புதியதை வரவேற்கும் மனத்தை. அதற்கு நல்ல தடயமாக இருந்தது அறையிலிருந்த புத்தகங்களின் பலவகை. எத்தனை என்பதைவிட, எத்தனை விதம். மீன் வளர்ப்பு, நாவல், சமையல், வரலாறு என்று கலந்து கிடந்தால் நீங்கள் அந்த வகை. ஒரே எழுத்தாளரின் முழுத்தொகுப்பு பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தால், விருந்தாளிகளுக்காக வாங்கியிருக்கிறீர்கள்.

புத்தகமே படிக்காதவங்களை எப்படிப் புரிஞ்சுக்கிறது?

கதை பிடிக்காதவர் கிடையாது, எந்த வழியில் வந்தது என்பதுதான் வேறுபடும். என் பாட்டி பால்மரம் சீவியவர், எழுத்துத் தெரியாது. வானொலி நாடகம் போகும்போது வீட்டில் யாரும் பேசக்கூடாது. மாமியார் கொடுமை வரும் இடத்தில் மௌனமாக இருப்பார், திருடன் அகப்படாமல் தப்பிக்கும் இடத்தில் கைதட்டுவார். இரண்டாவது கேள்விக்கு அவரிடம் பதில் தயாராக இருந்தது.

எனக்குச் சுத்தமா ஆகாத ஒருத்தர், எனக்கு ரொம்பப் பிடிச்ச புத்தகத்தையே பிடிக்கும்ங்கிறார். இப்ப என்ன பண்றது?

எரிச்சலாகத்தான் இருக்கும், எனக்கும் நடந்திருக்கிறது. அந்த மனிதரும் நானும் ஒரே நாவலைத் தூக்கிப் பிடித்தோம். எந்த இடம் என்று கேட்டேன். ஊரை விட்டுப் போகும் இளைஞன் திரும்பிப் பார்க்காமல் நடக்கும் இடம் என்றார். எனக்குப் பிடித்தது அவன் போன பிறகு வாசலிலேயே உட்கார்ந்திருக்கும் அக்காள். அன்றைக்குத்தான் எங்களுக்குள் ஏன் ஒத்துப்போவதில்லை என்று விளங்கியது. அதற்காக நாங்கள் நண்பர்களாகிவிடவில்லை.

உங்க கணிப்பு தப்பாப் போனதே இல்லையா?

போன மார்ச்சில்கூடப் போனது. அறுபது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர் மேசைக்கு வந்து குடும்ப நாவலாகப் பார்த்து ஒவ்வொன்றாக எடுத்தார். ஒவ்வொன்றிலும் முதலில் கடைசிப் பக்கத்தைத் திறந்து படித்தார். சிலதைத் திரும்ப வைத்தார். பன்னிரண்டு சேர்ந்ததும் பணம் எடுத்தார். முடிவு தெரியாமல் தாங்க முடியாதவர், கொஞ்சம் பயந்த சுபாவம் என்று நான் மனதுக்குள் எழுதிவிட்டேன்.

"இவ்வளவு பிடிக்குமாம்மா?" என்று கேட்டேன். "எனக்கா? எனக்கு இதுல ஒண்ணும் பிடிக்காது தம்பி" என்றார். வாரம் மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறாராம், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்குச் சர்க்கரையால் பார்வை போய்விட்டது, இவர்தான் உரக்கப் படித்துக் காட்டுகிறார். "கடைசியில யாராச்சும் செத்துட்டா அந்தக் கதை வேணாம்னு சொல்லியிருக்கா. அதான் பார்த்துப் பார்த்து எடுக்கிறேன்."

அவருக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டேன். வீட்டு மனை, வரி, உயில் பற்றிய சட்டப் புத்தகம் தமிழில் இருக்கிறதா என்றார். இல்லை. தேடிக்கொண்டிருக்கிறேன்.